இருமினால் தோடி, சாவி குலுங்கினால் கல்யாணி

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் பாட்டு ஓடாத நாளை நான் பார்த்ததில்லை. கல்லங்குறிச்சியில் டவுன் பஸ் ஏறினால் டிரைவருக்குப் பிடித்த பாட்டு, அரியலூரில் மாறி ஏறினால் கண்டக்டருக்குப் பிடித்த பாட்டு, பெரம்பலூரில் இறங்கினால் டீக்கடைக்காரருக்குப் பிடித்த பாட்டு. வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். மூன்று வருஷம் இப்படியே போய் வந்தவள் நான். பாடத்திட்டத்தில் கேட்டே ஆக வேண்டும் என்று போட்டிருந்த ஒரு டஜன் பாட்டை மட்டும் என்னால் கேட்க முடியவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. அதனால் இதை நான் பொறுமையாகச் சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பி.ஏ. தமிழில் கடைசி செமஸ்டர். இசைத்தமிழ் என்று ஒரு பேப்பர் வந்தது. எழுத்துத் தேர்வு ஒரு பங்கு, கேட்டறியும் தேர்வு ஒரு பங்கு. கேட்டறிவது என்றால், வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் ஒரு பதிவைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். அது என்ன ராகம், என்ன தாளம், பாடுவது யார், வாசிப்பது எந்தக் கருவி என்று நாங்கள் எழுத வேண்டும். இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். எழுத்துத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் காது தேறவில்லை என்றால் அரியர்தான்.

எனக்கு அரியர் விழக்கூடாது. அந்த வருஷம் நானும் டிகிரி முடிக்கிறேன், தம்பியும் ப்ளஸ் டூ முடிக்கிறான். இரண்டு பேரையும் ஒரே வருஷத்தில் சேர்க்க அப்பாவால் முடியாது. எங்களுக்கு இருப்பது சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடும் கொஞ்சம் நிலம்தான். பொங்கல் முடிந்த கையோடு அப்பா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்.

"மூத்தவ அவதான். பி.எட். சேரட்டும். நீ ஒரு வருஷம் என்கூட வயல்ல நில்லு, அடுத்த வருஷம் ஒன்னய சேத்து வுடுறேன். ஆனா பாப்பா, நீ ஒரே மூச்சுல முடிச்சிட்டு வரணும். ஒரு பேப்பர் நின்னுச்சுன்னாலும் முறை அவனுக்குப் போயிரும். அப்பறம் என்னைக் கொற சொல்லக்கூடாது."

எங்கள் தெருவில் எந்த அப்பாவும் மகனை நிறுத்தி வைத்து மகளைச் சேர்க்கிறேன் என்று சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் அந்தப் பேப்பரை மற்ற எல்லாப் பேப்பரையும்விடப் பயந்து பயந்து படித்தேன்.

பயப்பட வேண்டியது இசைக்கு என்று நினைத்தேன். நூலகத்துக்குப் பயந்திருக்க வேண்டும்.

எங்கள் கல்லூரி பெரம்பலூருக்கு வெளியே, சென்னை போகும் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. நூலகம் முதல் மாடி. ஆடிட்டோரியத்தைவிடப் பெரிய ஹால். அதன் மூலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர்கள். நாங்கள் கேட்க வேண்டிய பதிவுகளெல்லாம் கல்லூரி சந்தா கட்டி வாங்கியிருந்த ஏதோ ஓர் இசைத் தளத்தில் இருந்தன. அந்தத் தளம் அந்தக் கம்ப்யூட்டர்களில் மட்டும்தான் திறக்கும். எங்கள் போனில் திறந்தால் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வரும். வேறு இடத்தில் தேடிக் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். மோகனம் என்று தேடினால் மோகனம் என்று நூறு வரும். எங்கள் பட்டியலில் இருக்கும் மோகனம் வராது. தேர்வில் வருவது பட்டியலில் இருக்கும் அதே பதிவு, அதே பாடகர், அதே வயலின். இசைத்தமிழ் எடுத்த மேடம் அதை அழுத்திச் சொல்லியிருந்தார்.

மேடம் கௌரவ விரிவுரையாளர். பெயரில்தான் கௌரவம். "எனக்குக் குரல் கிடையாதும்மா, பாடிக் காட்ட முடியாது. லைப்ரரில போயி கேட்டுக்குங்க" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார். வகுப்பில் போட்டுக் காட்டலாம் என்றால் எங்கள் வகுப்பில் நெட் கிடையாது. நெட் இருக்கும் புரொஜெக்டர் ரூம் கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுடையது. அவர்கள் அதைத் தங்கள் தாத்தா சொத்து மாதிரி வைத்திருந்தார்கள்.

சரி, லைப்ரரி என்று போனேன். என்னோடு வந்தவள் ஆண்டிமடத்துக்காரி. ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டியலில் முதல் பாட்டை அழுத்தினோம். திரையில் கோடு ஓடுகிறது, சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் இல்லை. கையில் இருந்த இயர்போனைச் செருகலாம் என்று பார்த்தால் சி.பி.யூ. ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குப் பூட்டு. யாரோ ஒரு வருஷம் பென் டிரைவ் செருகி எல்லா மெஷினுக்கும் வைரஸ் வந்துவிட்டதாம். அன்றிலிருந்து செருகும் ஓட்டைகள் அனைத்தும் சிறையில்.

நூலகரிடம் போய் நின்றோம். ஐம்பது வயதைத் தாண்டியவர். சட்டைப் பையில் மூன்று பேனா, இடுப்பில் சாவிக்கொத்து. நாள் முழுக்க ஒரு வறட்டு இருமல்.

"சார், பாட்டு கேக்கணும் சார்."

"இது லைப்ரரிம்மா" என்றார். பின்னால் சுவரில் தொங்கிய 'அமைதி காக்க' போர்டைக் கண்ணால் காட்டினார்.

"பாடத்துல இருக்கு சார். ஹெட்போன் இருக்குன்னு மேடம் சொன்னாங்க."

"இருக்கு. பீரோல இருக்கு."

"குடுங்க சார், கேட்டுட்டுத் தந்துடுறோம்."

"ஒடஞ்சா?"

"ஒடைக்க மாட்டோம் சார்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. ஸ்டாக் செக்கிங் வரும்போது நான்ல பதில் சொல்லணும்."

அவ்வளவுதான். பீரோ அவருக்குப் பின்னாலேயே இருந்தது. கையை நீட்டினால் தொடலாம். தளம் திறக்கிறது, பாட்டு ஓடுகிறது, ஹெட்போன் இருக்கிறது, எங்களுக்குக் காது இருக்கிறது. இத்தனையும் ஒரே அறைக்குள் இருந்தும் பாட்டைக் கேட்க முடியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே. வெளியே வந்ததும் ஆண்டிமடத்துக்காரி, "வைக்கப்போர் நாயி பாத்துருக்கியாடி? இப்ப பாத்துக்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் தலை வலிக்கும். துறைத்தலைவரிடம் லெட்டர் வாங்கி வா என்றார் நூலகர். துறைத்தலைவர், பிரின்சிபால் கையெழுத்து இல்லாமல் எப்படி என்றார். பிரின்சிபால் மீட்டிங்கில் இருந்தார். அடுத்த நாளும் மீட்டிங். கையெழுத்தான லெட்டரைக் கொண்டுபோனால் நூலகர் விடுப்பு. வந்த அன்று நெட் இல்லை. நெட் வந்த அன்று தளம் பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் வேலையை விட்டு ஓசூர் போய்விட்டார். அவருக்குப் போன் போட்டு வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களிடம் நம்பர் இல்லை. வகுப்பு முடிந்து நான் லைப்ரரி வாசலில் காத்திருந்தால் அரியலூர் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டு போனால் கல்லங்குறிச்சி டவுன் பஸ் போய்விடும். சுண்ணாம்புக்கல் ஏற்றின லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போகும் ரோட்டில் அப்பா சைக்கிளோடு நிற்பார். "கேட்டியா பாப்பா?" என்பார். "இன்னைக்கு இல்லப்பா" என்பேன். எத்தனை தடவை அப்படிச் சொன்னேனோ.

தேர்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது எப்படியோ பாஸ்வேர்டும் கிடைத்தது, அனுமதியும் வந்தது. ஒரு ஹெட்போன். ஒரு மணி நேரம். வகுப்பு சார்பில் இரண்டு பேர். நூலகர் முன்னிலையில். ஹெட்போனும் பீரோவிலிருந்து இல்லை, ஆபீஸிலிருந்து வந்த இரவல்.

நாற்பது பேர் வகுப்புக்கு ஒரு மணி நேரம் ஒரு ஹெட்போன். இதற்கு மேடத்தின் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்தால், அவருக்கும் அதற்கு மேல் எதுவும் கிடைத்ததில்லை என்று புரிந்தது. என்னையும் ஆண்டிமடத்துக்காரியையும் அனுப்பினார். அன்றைக்கென்று எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் திருவிழாக் கூட்டம். பஸ்ஸில் மொட்டையடித்த குழந்தைகளும் அன்னதானப் பாத்திரங்களுமாக நிற்கக்கூட இடமில்லை. வியர்த்து வழிந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன்.

யோசனை அவளுடையது. "நம்ம ரெண்டு பேரு கேட்டு என்னடி ஆகப் போவுது? மத்த புள்ளைங்க?" என்றாள். தலையிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றினாள். போனை ரெக்கார்டில் போட்டு ஹெட்போனின் ஒரு காதோடு சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டினாள். இன்னொரு காதைத் துப்பட்டா முனையால் மூடினாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நூலகர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெட்போன் பத்திரமாக இருக்கிறதா என்றுதான் பார்த்தார். அது யார் காதில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒரு பாட்டுக்கு நான்கைந்து நிமிஷம் என்று மாற்றி மாற்றி அழுத்தினோம். அந்த ஒரு மணி நேரமும் பாட்டுக் கேட்டது எங்கள் போன்தான். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையில் ஓடும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாயங்காலமே பன்னிரண்டு பதிவும் வகுப்புக் குரூப்பில் ஏறிவிட்டன. கை தட்டும் பொம்மை, மாலை போடும் பொம்மை என்று ஒரே வாழ்த்து. நாங்கள் ஏதோ கோட்டையைப் பிடித்துவிட்டு வந்தவர்கள் போல.

பதிவில் பாட்டு எங்கோ கிணற்றுக்குள் கேட்டது. மற்றதெல்லாம் கணீரென்று கேட்டது. தோடியில் நூலகர் இரண்டு தடவை இருமுகிறார். கல்யாணி ஆரம்பித்ததும் அவர் சாவிக்கொத்து குலுங்குகிறது. சங்கராபரணத்தில் யாரோ இரும்பு நாற்காலியைத் தரதரவென்று இழுக்கிறார்கள். மோகனத்தில் நெடுஞ்சாலையில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடிக்கிறது. ஆனந்தபைரவியில் அட்டெண்டர், "டீ வந்துருச்சு சார்" என்கிறார். முகாரியில் ஆண்டிமடத்துக்காரியே தும்மியிருந்தாள்.

முதலில் இதை வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டோம். "சார் இருமினா தோடிடி." "சாவி குலுங்குனா கல்யாணி." கேன்டீனில் யாராவது இருமினால் மேஜையில் இருக்கும் எல்லாரும் "தோடி!" என்று கத்துவோம். பஸ்ஸில் போகும்போது கேட்டேன், வரும்போது கேட்டேன், வெங்காயம் அரியும்போது கேட்டேன். தம்பியிடம் போனைக் கொடுத்து ஏதாவது ஒன்றைப் போடச் சொல்வேன். பாட்டு ஒரு வரி தாண்டும் முன்னால் "கல்யாணி" என்பேன். அவன் பார்த்து, "ஆமாக்கா!" என்பான். எனக்காக ஒரு வருஷம் படிப்பை நிறுத்த வேண்டியிருந்தும் அவன் என்மேல் கோபப்பட்டதே இல்லை. அக்காவுக்குக் காது நல்ல காது என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னான்.

நானும் அப்படித்தான் நம்பினேன். ராகம் பிடிபட்டுவிட்டது என்றே நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சாவியைக் கேட்டுத்தான் சொல்கிறேன் என்பது எனக்கே தெரியாது. விளையாட்டுக்குச் சொன்னது எப்போது காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று எங்கள் நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தேர்வு நாள் வந்தது. வெளித்தேர்வாளராகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். வெள்ளை முடி, பருத்திப் புடவை, கையில் சொந்த ஸ்பீக்கர். கல்லூரிகளில் ஸ்பீக்கர் இருக்காது என்று அவருக்கு அனுபவம் இருந்திருக்க வேண்டும். மேஜையில் வைத்து, "ரெடியாப்பா?" என்று சிரித்தார். முதல் பதிவை ஓடவிட்டார்.

அறை முழுக்க ஓர் ஓசை பரவியது. பாட்டு இல்லை. பாட்டுக்கு முன்னால், பாட்டுக்குக் கீழே, விடாமல் ஒரே சீராக ஒலிக்கும் ஒரு ஓசை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பின்பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "மேடம், ஸ்பீக்கர் இரையுது. ஒயர் லூசா இருக்கும் போல" என்றான்.

அந்த அம்மா பதிவை நிறுத்தினார். அவனைப் பார்த்தார், பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

"அது தம்புரா தம்பி" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் மெதுவாக உட்கார்ந்தான். எங்கள் பன்னிரண்டு பதிவிலும் தம்புரா இல்லை. விடாமல் ஒரே மாதிரி கேட்கும் சத்தத்தை இரைச்சல் என்று எண்ணிப் போன் வடிகட்டிவிடும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இருமலை விட்டுவிட்டுத் தம்புராவை எடுத்துவிட்டது. இசைத்தமிழ் என்று ஒரு செமஸ்டர் படித்த நாங்கள் தம்புராவைக் கேட்டதே கிடையாது.

"இந்தப் பதிவெல்லாம் கேட்டிருக்கீங்கல்ல?" என்றார் அந்த அம்மா.

"கேட்டோம் மேடம்" என்றோம். அறையின் ஓரத்தில் எங்கள் மேடம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வேலை வருஷா வருஷம் நீட்டிக்கப்படும் வேலை. எழுந்து நின்று, இல்லை மேடம், எங்களுக்கு யாரும் கேட்கக் கொடுக்கவில்லை என்று கத்தியிருப்பேன். அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மறுபடி பதிவு ஓடியது. தெளிவான குரல். நல்ல வயலின். எனக்கு அது கல்யாணியா சங்கராபரணமா என்று தெரியவில்லை. சாவி எப்போது குலுங்கும், நாற்காலி எப்போது இழுபடும் என்று என் காது காத்துக்கொண்டே இருந்தது. குலுங்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் ஆண்டிமடத்துக்காரி என்னைப் பார்த்து, வாய்க்குள்ளேயே, "இருமலே வரலியேடி" என்றாள். பாட்டு முடிந்தது. அடுத்தது ஓடியது. அதுவும் முடிந்தது. நான் யோசித்து யோசித்து எழுதினேன். ஒவ்வொன்றையும் அடித்துத் திருத்தி எழுதினேன்.

ரிசல்ட்டில் நான் ஃபெயில். ஆண்டிமடத்துக்காரி பாஸ்.

"எப்புடிடி?" என்றேன் போனில்.

"எல்லாத்துக்கும் கல்யாணி, ஆதி தாளம்னு எழுதிவச்சேன்டி. ரெண்டு மூணு மாட்டிக்கிச்சு" என்றாள். பிறகு நான் அழுவது கேட்டு அவளும் அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் யோசித்தவள் தோற்று யோசிக்காதவள் தேறினதை என்னால் தாங்க முடியவில்லை.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? ஃபெயில் என்று சொல்லிவிடலாம். ஏன் ஃபெயில் என்று சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பீரோ, மரப்பெட்டி, லெட்டர், பாஸ்வேர்டு என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கியது.

"இரு இரு. பாட்டு கேக்கவா உங்களுக்கு அனுமதி?"

"ஆமாப்பா."

"ஊரெல்லாம் கொழாய் கட்டிப் பாட்டு போடுறான். காதப் பொத்திக்கிட்டு ஓடுறோம். படிக்கிற எடத்துல பாட்டுக்குப் பூட்டு சாவியா?"



உடனடித் துணைத் தேர்வு இருந்தது. அதில் தேறி, ரிசல்ட் சீக்கிரம் வந்துவிட்டால் பி.எட். சேர்க்கை முடிவதற்குள் விண்ணப்பிக்கலாம். அப்பாவும், "சரி, அதையும் பாத்துருவோம்" என்று ஒத்துக்கொண்டார். அடுத்த நாளே லைப்ரரிக்கு ஓடினேன்.

"ஒனக்குக் கார்டு கெடையாதேம்மா" என்றார் நூலகர்.

கடைசி செமஸ்டர் முடியும்போது எல்லாரும் லைப்ரரியில் 'நோ டியூஸ்' வாங்க வேண்டும். கார்டை ஒப்படைத்தால்தான் கையெழுத்துப் போடுவார்கள். நானும் ஒப்படைத்திருந்தேன். தேர்வு எழுத நான் இந்தக் கல்லூரி மாணவி. தேர்வுக்குப் படிக்க இந்தக் கல்லூரி மாணவி இல்லை. மறுபடி லெட்டர், மறுபடி துறைத்தலைவர், மறுபடி மீட்டிங். கோடை விடுமுறை வேறு. பாதி நாள் ஆபீஸே பூட்டிக் கிடக்கும். வெயிலில் வந்து வாட்ச்மேனோடு பேசிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவேன்.

ஒருநாள் என்னால் முடியவில்லை. லைப்ரரியே அதிரக் கத்திவிட்டேன். "அந்தப் பீரோக்குள்ள இருக்கிற ஹெட்போன இதுவரைக்கும் ஒரு மனுசராச்சும் காதுல வச்சிருக்காங்களா சார்? எதுக்கு வாங்குனீங்க? யாருக்குக் காப்பாத்துறீங்க?"

அவர் 'அமைதி காக்க' போர்டைக் காட்டவில்லை. இருமினார். தண்ணீர் குடித்தார்.

"எனக்கு முன்னாடி இருந்தவரு ரிட்டையர் ஆவும்போது ரெண்டு அகராதி காணும்மா" என்றார். "பென்சன் பேப்பர நவுத்தவே மாட்டேன்னுட்டாங்க. ஆபீஸ் வாசல்ல வந்து நிப்பாரு. நான் பாத்துருக்கேன். எனக்கு இன்னும் கொஞ்ச வருசந்தான் இருக்கு. என்ன என்னம்மா பண்ணச் சொல்ற?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் எனக்கு ராகம் தெரிந்துவிடுமா? பேசாமல் போய்ப் பிரின்சிபால் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டேன். கையெழுத்து வாங்கித்தான் எழுந்தேன்.

நூலகர் பீரோவைத் திறந்தார். அட்டைப் பெட்டிகள் அடுக்கி வைத்தபடி இருந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்தார். "புதுசும்மா. பிரிக்கவே இல்ல" என்றார், பெற்ற பிள்ளையைக் காட்டுவது போல. காதில் வைக்கும் மெத்தை அவர் விரல் பட்டதும் கருப்புக் கருப்பாக உதிர்ந்தது. இன்னொரு பெட்டி. அதுவும் உதிர்ந்தது. யாரும் தொடாமலே, பெட்டிக்குள்ளேயே வெக்கையில் மக்கிப் போயிருந்தன. அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேஜையில் விழுந்த துகளைக் கையால் கூட்டி எடுத்தார். மரப்பெட்டியின் பூட்டைத் திறந்து ஒயரைச் செருகிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

மாட்டிக்கொண்டேன். கன்னத்தில் பொடி ஒட்டியது. முதலில் தம்புரா வந்தது. அதன்மேல் குரல் வந்து நின்றது.

கல்யாணியைக் கேட்டேன். சங்கராபரணத்தைக் கேட்டேன். மறுபடி கல்யாணி. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே ஒரு ஸ்வரத்தின் வித்தியாசம், மேடம் போர்டில் எழுதிப்போட்டு நாங்கள் மனப்பாடம் செய்த வித்தியாசம், மூன்றாவது தடவையில் தானாகக் காதில் விழுந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. தம்புரா கீழே ஓடிக்கொண்டிருந்தால் அது தெரிகிறது. கேட்டவுடன் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு லைப்ரரியை மூடும்போது பன்னிரண்டு பதிவும் எனக்குத் தெரிந்திருந்தன. யார் எங்கிருந்து போட்டாலும் சொல்லிவிடுவேன்.

துணைத் தேர்வில் ஒரு தவறுகூட இல்லை. தேர்வாளர் என் பேப்பரைப் பார்த்துவிட்டு, முறையாகப் பாட்டு கற்றுக்கொண்டாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ரிசல்ட்டும் வந்தது. மார்க் ஷீட் வந்தபோது பி.எட். சேர்க்கை முடிந்திருந்தது. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் என்று யார் யாரோ சொன்னார்கள். அரியலூரில் இறங்கி டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலில் உட்கார்ந்து மோட்டார் ஒயரைச் சீவிக்கொண்டிருந்தார். மார்க் ஷீட்டைக் கொடுத்தேன். இசைத்தமிழுக்கு நேரே இருந்த மார்க்கில் விரலை வைத்தார்.

"இவ்ளோ வாங்கிருக்கியே பாப்பா. இதக் கத்துக்க எத்தன நாளாச்சு?"

"ஒரு நாள்பா. ஒரு நாள்கூட இல்ல, ஒரு காலைப் பொழுது."

அப்பா கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்த ஒரு காலைப் பொழுத மொதல்லயே குடுத்துருந்தா?"

மார்க் ஷீட்டை மடிக்காமல் அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ஒயரை எடுத்து மறுபடி சீவ ஆரம்பித்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"நாளைக்குத் தம்பிய சேக்க திருச்சிக்குப் போறோம். மொத பஸ்ஸு. அவன் எந்திரிக்க மாட்டான், நீ கொஞ்சம் எழுப்பி வுட்டுரு."

"சரிப்பா" என்றேன்.

விடியற்காலையில் அவன் விழித்துத்தான் இருந்தான். எழுந்திருக்கவே மனமில்லாமல் போர்வைக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். நான்தான் இழுத்து உட்கார வைத்தேன்.